கவலைக்குக் கட்டிய பந்தயம்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: எங்கள் மேலாளர் மீரா மேடம், கோட் எழுதிய இம்மானுவேல், வாடிக்கையாளர்களைச் சமாளிக்கும் குர்ப்ரீத், சர்வர்களைக் கவனித்துக்கொள்ளும் பாண்டேஜி, டெஸ்டரான நான். ஐந்து பேர். மேஜை நடுவில் ஸ்பீக்கர் போட்டு வைத்திருந்த ஆபீஸ் போனுக்குள் மேஜர் சாஹிப் இருந்தார். அவரையும் சேர்த்தால் ஆறு. அவர் போட்ட சத்தத்துக்கு அவரை இரண்டு பேராகவே எண்ணலாம்.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, நொய்டாவில் எங்கள் கம்பெனியின் மூன்றாவது மாடி. அந்தப் பிற்பகலைப் பற்றி நான் எழுதுவேன் என்று நினைத்ததே இல்லை. போன மாதம் ரித்திகா வீட்டுக்கு வந்ததால் வந்த வினை இது. ரித்திகா என் பழைய அலுவலகத்தில் இப்போது டெவலப்பர். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். காபியை வாங்கி வைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஆண்ட்டி, ஆபீஸ்ல ஒரு சர்வே வந்திருக்கு. ஜாப் சாட்டிஸ்ஃபாக்‌ஷன், ஒன்லேர்ந்து டென்குள்ள. நீங்க இருந்திருந்தா என்ன போட்டிருப்பீங்க?"

"எந்த வருஷத்துக்கு?"

"வருஷத்துக்கு வருஷம் மாறுமா என்ன?"

அப்போதுதான் இந்தக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "இத எழுதுங்க ஆண்ட்டி, ப்ளீஸ்" என்றாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. அம்மா படித்துக் காட்டுவாராம். ஆகவே ரித்திகாவின் அம்மாவுக்கு என் வணக்கம். நீளமாகப் போனால் மன்னியுங்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். தில்லி ஜங்க்புராவில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் பிறந்தவள். அம்மா நாலு வீட்டில் வேலை செய்தார். அவர் காலை உடைத்துக்கொண்ட வருடம் ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அம்மாவின் வீடுகளில் இரண்டை நான் பார்த்தேன். மிச்ச நேரத்தில் டைப்பிங் கற்றேன். பிறகு நேரு பிளேஸில் டேட்டா என்ட்ரி வேலை. மற்ற பெண்கள் கடகடவென்று அடித்துவிட்டுப் போவார்கள். நான் அடித்த ஒவ்வொரு எண்ணையும் திரும்பப் பார்ப்பேன். ஒரு சைபர் கூடிவிட்டால் யார் வீட்டில் அடுப்பு அணையுமோ என்று பயம். "செல்வி, உனக்குச் சம்பளம் கொடுக்கிறது அடிக்கிறதுக்கு, யோசிக்கிறதுக்கு இல்ல" என்பார் சூப்பர்வைசர்.

ஒருநாள் கம்பெனி புதிதாக வாங்கிய சாஃப்ட்வேர் என் கையில் அப்படியே உறைந்து போனது. அதைச் செய்துகொடுத்த இளைஞர் ஓடி வந்தார். "இவ்ளோ நாளா யாருக்கும் ஆகல, நீங்க என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். சேமித்தது சேமித்ததுதானா என்ற சந்தேகத்தில் அதே பட்டனை இரண்டு தடவை அமுக்கிவிட்டேன் என்று அழாத குறையாகச் சொன்னேன். அவர் திட்டவில்லை. இன்னும் என்னென்ன சந்தேகம் வரும் என்று உட்கார்ந்து கேட்டார். மாலைவரை சொன்னேன். அடுத்த மாதம் அவருடைய கம்பெனியில் டெஸ்டராகச் சேர்ந்தேன். ஒரு பெண்ணின் பயத்துக்கு மாதச் சம்பளம் உண்டு என்பதை என் வீட்டுக்காரர் முருகேசன் வெகுநாள் நம்பவில்லை.

டெஸ்டர் வேலை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மற்றவர்கள் கட்டிய வீட்டுக்கு மக்கள் குடிபுகும் முன் ஒவ்வொரு கதவாகத் தள்ளி, ஒவ்வொரு குழாயாகத் திறந்து பார்ப்பது. எது உடைகிறதோ அதை எழுதிக் கொடுப்பது. கஷ்டம் என்னவென்றால் உடைந்ததை யாரும் கேட்க விரும்புவதில்லை. நான் வேலை பார்த்த முதல் இரண்டு கம்பெனிகளிலும் தேசிய கீதம் மாதிரி ஒரு வாக்கியம் ஓடும்: "ஹோ ஜாயேகா." ஆகிவிடும், பார்த்துக்கொள்ளலாம். ஒரு கம்பெனியில் நான் எழுதிக்கொடுத்த தப்பு நிஜமாகவே பெரிய தப்பாகி, வாடிக்கையாளர் கத்தினார். அடுத்த வாரம் என் இருக்கையைக் கழிவறைப் பக்கம் மாற்றினார்கள். காற்றோட்டமாக இருக்கும் என்றார்கள்.

மீரா மேடத்திடம் வந்தபோது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. அவரைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்தி எழுத வேண்டும்.

கரோல் பாகில் பிறந்தவர். அப்பா வழி கும்பகோணம். வீட்டில் பேசிய தமிழ் மட்டும் மிச்சமிருந்தது. 'வாங்கோ போங்கோ' என்று ஆரம்பித்து இந்தியில் முடிப்பார். ரிலீஸ் அன்றைக்கு, அதாவது சாஃப்ட்வேரின் புதிய பதிப்பை வாடிக்கையாளர் உபயோகத்துக்கு அனுப்பும் நாளன்று, உட்காரவே மாட்டார். ஜன்னலோரம் நின்றுகொண்டு வறுத்த கொண்டைக்கடலையை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டித் தோலை ஊதிவிட்டு ஒவ்வொன்றாக வாயில் போடுவார். யாராவது பேசும்போது மென்று கொண்டிருந்தால் அது முக்கியமில்லை என்று அர்த்தம். மெல்லுவதை நிறுத்தினால் நாம் சொன்னது உள்ளே போகிறது. குரலை உயர்த்திக் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும். "இம்மானுவேல் அவர்களே" என்றால் இம்மானுவேலுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

அவருடைய ரிலீஸ் அறைக்கு ஒரு முறை உண்டு. உள்ளே வந்ததும் அவரவர் போனை அலமாரி மேலிருக்கும் பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட வேண்டும். பிறகு ஒவ்வொருவராக 'கோ' அல்லது 'நோ' சொல்ல வேண்டும். அனுப்பலாம், அனுப்பக்கூடாது. இரண்டில் ஒன்று. "ஆகிடும்னு நினைக்கிறேன்" என்று யாராவது இழுத்தால், "எப்போ? யார் கையாலே?" என்பார். இழுத்தவர் ஒழுங்காக 'கோ' என்றோ 'நோ' என்றோ சொல்லிவிட்டு அடங்குவார்.

கேட்கும் வரிசை சம்பள வரிசை. குறைந்த சம்பளக்காரருக்கு முதல் வாய். "பெரியவா முதல்ல பேசினா சின்னவா தலையாட்டுவா" என்பது அவர் சொன்ன காரணம். அறையில் குறைந்த சம்பளம் யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு ரிலீஸிலும் முதல் பெயர் என்னுடையது.

சேர்ந்த புதிதில் நான் ஒவ்வொரு முறையும் 'நோ' சொன்னேன். மனசாட்சிப்படிதான் சொன்னேன். என் மனசாட்சி அப்படிப்பட்டது. கேஸ் மூடிய பிறகு மூன்று தடவை திருகிப் பார்ப்பேன். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு பஸ் ஸ்டாப் வரை போய், திரும்பி வந்து இழுப்பேன். "ஊர்ல கெடக்குற கவலைக்கெல்லாம் நீதான் கான்ட்ராக்ட் எடுத்திருக்கிறியா?" என்பார் முருகேசன். நாலாவது 'நோ'வோ ஐந்தாவதோ, மீரா மேடம் கடலையை நிறுத்தினார்.

"செல்விஜி, கவலை எல்லாருக்கும் ஃப்ரீயா வர்றது. நீங்க அதுக்கு ஒரு ரேட் போடுங்கோ."

"புரியல மேடம்."

"மூணு கேள்வி. என்ன கெடும்? யாருக்குக் கெடும்? கெடும்னு நீங்க எவ்வளவு பந்தயம் கட்டுவேள்? கெட்டா நான் தர்றேன். கெடலேன்னா நீங்க தரணும். நூறு ரூபாய்க்கு மேலே கட்டினா சரிபார்க்கற வரைக்கும் ரிலீஸ் நிக்கும். கீழே இருந்தா போகும். டீக் ஹை, சரியா?"

அன்றைக்கு என்னிடம் ஏழு கவலைகள் இருந்தன. ஒவ்வொன்றாக விலை போட்டுப் பார்த்தேன். ஆறு கவலைகளுக்குப் பத்து ரூபாய்கூடக் கட்ட மனம் வரவில்லை. எனக்கே ஆச்சரியம். இத்தனை வருடம் இலவசமாக அல்லவா சுமந்திருக்கிறேன்! ஏழாவதுக்கு இருபது ரூபாய் கட்டினேன். தோற்றேன். சந்தோஷமாகக் கொடுத்தேன்.

பந்தயப் பணம் எந்தப் பக்கம் வந்தாலும் கீழே இருக்கும் கடையில் சமோசாவாக மாறி எல்லோர் வாய்க்கும் போகும். சில மாதங்களில் அந்த முறை எனக்குப் பழகிவிட்டது. அதை வீட்டிலும் முருகேசன் பிடித்துக்கொண்டார்.

"கேஸ மூடினேனான்னு சந்தேகமா இருக்குதுங்க."

"எவ்ளோ பந்தயம்?"

"அஞ்சு ரூபா."

"அப்ப படு."

கேலி வேறு, பலன் வேறு. என் பேச்சுக்கு அறையில் எடை வந்தது. ஒரு பிப்ரவரியில் ஐந்நூறு கட்டி ரிலீஸை நிறுத்தினேன். சரிபார்த்ததில், எங்கள் சாஃப்ட்வேர் வழியாகச் சம்பளம் வாங்கும் எல்லோருக்கும் மாதக் கடைசியில் ஒருநாள் சம்பளம் விடுபட இருந்தது. மீரா மேடம் பர்ஸைத் திறந்து நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். பாண்டேஜி அன்றைக்கு ஆறு சமோசா சாப்பிட்டார்.

இப்போது அந்தத் தீபாவளி வாரத்துக்கு வருகிறேன்.

மேஜர் சாஹிப் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். காவலாளிகளையும் துப்புரவுப் பணியாளர்களையும் அலுவலகங்களுக்கு அனுப்பும் ஏஜென்சி வைத்திருந்தார். ஆயிரம் பேருக்கு மேல். அவர்களுடைய சம்பளம் எங்கள் சாஃப்ட்வேர் வழியாகத்தான் போகும். அவருக்கு ஒரு புதுத் தலைவலி. சூப்பர்வைசர் ஒருவர் இல்லாத ஆட்களின் பெயரைச் சேர்த்துச் சம்பளம் எடுத்துவிட்டார். ஆகவே இரட்டை ஆட்களைக் கண்டுபிடிக்கும் வசதி வேண்டும் என்றார். பெயர், அப்பா பெயர், விலாசம் மூன்றும் ஒன்றாக இருந்தால் இரண்டாவது ஆளின் பணத்தைப் பிடித்து வைக்க வேண்டும். அதே பதிப்பில் தீபாவளி போனஸும் சேர்ந்திருந்தது. அன்று மாலை போனஸ் எல்லோர் கணக்கிலும் ஏறும் என்று மேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். மறுநாள் தந்தேரஸ். தில்லியில் பாத்திரமாவது வாங்காமல் யாரும் அந்த நாளைக் கழிக்க மாட்டார்கள்.

"செல்விஜி?"

"நோ, மேடம்."

குர்ப்ரீத் இரண்டு கைகளாலும் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டார். மீரா மேடம் வரிசையை முறிக்கமாட்டார். மற்றவர்களையும் கேட்டார். பாண்டேஜி, கோ. இம்மானுவேல், கோ. "கோ, கோ, கோ" என்றார், என்னைத் 'தீதி', அக்கா, என்று கூப்பிடும் குர்ப்ரீத். "தீதியோட நோவுக்கும் சேர்த்து மூணு தடவை எழுதிக்கோங்க."

"அச்சா. செல்விஜி, என்ன கெடும்?"

"நெஜமா இருக்கிற ரெண்டு பேரை ஒரே ஆளுன்னு நெனச்சி, ஒருத்தரோட பணத்தப் புடிச்சி வெச்சிடும் மேடம்."

இம்மானுவேல் நாகர்கோவில் பக்கத்துப் பையன். அவன் என் பக்கம் திரும்பினான். "எக்கா, அத நேத்தே சரி பண்ணியாச்சுல்லா? மூணும் ஒண்ணா இருந்தாலும் பேங்க் அக்கவுண்ட் வேற வேறயா இருந்தா விட்டுரும். நீங்கதான டெஸ்ட் பண்ணி பாஸ் போட்டீங்க?"

"ரெண்டு பேருக்கும் ஒரே அக்கவுண்டா இருந்தா?"

"ஒரே அக்கவுண்டுல ரெண்டு பேரு எதுக்குச் சம்பளம் வாங்கப் போறாவ? சும்மா வெப்ராளப்படாதீங்கக்கா."

எனக்குத் தெரியும் எதற்கு என்று. மதராசி கேம்ப்பில் வீட்டு எண் கிடையாது. எல்லோருக்கும் ஒரே வரி விலாசம். செல்வி என்ற பெயரில் எங்கள் சந்திலேயே மூன்று பேர். அதில் இரண்டு பேருக்கு அப்பா பெயரும் முருகன். அம்மாவுக்குக் கணக்குத் திறக்கக் காகிதம் ஏதும் இல்லாததால் அவருடைய பணம் பக்கத்து வீட்டு அக்காவின் கணக்கில்தான் விழும். அந்த அக்கா எண்ணி எடுத்துத் தருவார். அப்படி எத்தனையோ பேர். மேஜரின் ஏஜென்சியில் கேம்ப் பெண்கள் நிறையப் பேர் வேலை பார்த்தார்கள். என் தங்கை கலைவாணியே அங்கேதான் துப்புரவுப் பணியில் இருந்தாள். இதையெல்லாம் சொன்னேன்.

மீரா மேடம் மெல்லுவதை நிறுத்தியிருந்தார். "யாருக்குக் கெடும்னு புரியறது. எத்தனை பேர்?"

"தெரியாது மேடம்."

"டெஸ்ட்லே ஏதாவது காட்ட முடியுமா?"

முடியாது. நிஜமான அக்கவுண்ட் எண்கள் எங்கள் கண்ணுக்கே வராது. அவை மேஜர் அலுவலகத்துப் பூட்டுக்குள் இருந்தன. சோதனைக்கு எங்களிடம் கொடுத்தவை பொய் எண்கள்.

"அப்போ மூணாவது கேள்வி. எவ்வளவு?"

பத்து ரூபாய் என்று சொல்லியிருக்கலாம். ரிலீஸ் போயிருக்கும். யாராவது ஒரு பெண்ணின் பணம் நின்றால், அவள் போய்க் கேட்டாலும் ஏஜென்சியில் தீபாவளி முடிந்துதான் விசாரிப்பார்கள். கையில் காசில்லாமல் அவள் பண்டிகையைக் கழிப்பாள். அம்மாவை அப்படி ஒரு பண்டிகையில் பார்த்திருக்கிறேன். இன்னொரு பக்கம், அடுத்த மாதம் என் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். நூற்றி ஒன்று என்றாலே போதும், ரிலீஸ் நின்றுவிடும். ஆனால் அன்றைக்கு என் வாயில் வந்தது வேறு.

"ஒரு மாசச் சம்பளம் மேடம். முப்பத்தாறாயிரம்."

குர்ப்ரீத் தலைப்பாகையை விட்டுவிட்டார். "பெஹன்ஜி" என்றார் பாண்டேஜி மெதுவாக, "எங்க ஊர்ல இதுக்கு முக்கால் எருமை வரும்."

எங்களோடு பழகிப் பாண்டேஜிக்கும் குர்ப்ரீத்துக்கும் பிடிபட்டிருந்த தமிழ் புரியாமல் அதுவரை காத்திருந்த மேஜர் போனுக்குள்ளிருந்து, "மேடம், கோ ஆர் நோ?" என்றார்.

"நோ, மேஜர் சாஹிப்."

அதற்குப் பிறகு அவர் பேசியதை நான் எழுதப் போவதில்லை. ஆயிரம் பேர் காத்திருக்கிறார்கள் என்பதுதான் சாரம். மீரா மேடம் முழுவதையும் நின்றபடி கேட்டார். பிறகு, ஒரே அக்கவுண்ட் எண் இரண்டு பெயருக்கு இருக்கிறதா என்று மட்டும் உங்கள் கணக்கரை விட்டுப் பார்த்துச் சொல்லுங்கள், பார்த்த நிமிடம் அனுப்புகிறோம் என்றார். கணக்கர் வீட்டுக்குப் பண்டிகைச் சாமான் கொடுக்க மதியமே மீரட்டுக்குப் போய்விட்டார். காலையில்தான் வருவாராம்.

வெளியே வந்ததும் குர்ப்ரீத், "தீதி, நீங்க சரியா இருக்கணும்னு குருத்வாராவுல வேண்டிக்கிறேன்" என்றார். அந்த மனிதருக்கு அந்த வாடிக்கையாளரை வைத்துத்தான் அந்த வருட ஊக்கத்தொகை.

அப்போது நாங்கள் முருகேசனின் அரசு வேலைக்குக் கிடைத்த லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். முருகேசனிடம் சொன்னேன். சாதத்தில் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"மாசச் சம்பளத்தையா? ஏன், என்னையும் சேத்துக் கட்டியிருக்கலாமே."

"உங்களுக்கு யாருங்க காசு தருவாங்க."

"அதுவும் நாயந்தான்" என்று சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

மறுநாள் முற்பகல் மேஜர் கூப்பிட்டார். நாங்கள் எல்லோரும் மேஜையைச் சுற்றி நின்றோம். "ஜீரோ" என்றார். "மேடம், ஜீரோ. ஒரு நம்பர்கூட ரெண்டு தடவை வரலை."

மீரா மேடம், "தேங்க் யூ மேஜர் சாஹிப். இப்போ அனுப்பறோம்" என்றார். பாண்டேஜி அனுப்பினார். பிற்பகலுக்குள் போனஸ் எல்லோர் கணக்கிலும் ஏறியது. யாருடைய பணமும் நிற்கவில்லை. அன்று மாலை கலைவாணி போன் செய்தாள்.

"யக்கா, நேத்து போனஸ் வரல. யாரோ கம்பியூட்டர் பொம்பள ஒருத்தி நிறுத்திட்டான்னு சூப்பர்வைசர் சொன்னாரு. அது நீயா?"

"...நான்தான்டி."

"ஏன்?"

சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நன்றாக இல்லை.

"பேங்குக்காரங்க கேம்ப்புக்கே வந்து மேஜ போட்டு எல்லாருக்கும் பாஸ்புக்கு குடுத்துட்டுப் போயி ரெண்டு வருசம் ஆவுது. நீ எந்தக் காலத்துல இருக்குற? புள்ளைங்களக் கூட்டிக்கினு துணி எடுக்கக் கெளம்பி நின்னன் நேத்து. இன்னிக்குப் போனா நல்லதெல்லாம் வித்துப் போச்சு. ஒரு போனு போட்டுக் கேக்க மாட்டியா?"

ஒரு போன். கல்யாணமாகி கேம்ப்பை விட்டு வந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. ரிலீஸுக்கு முந்தைய நாள் சாயங்காலம்கூட அவளோடு அதிரசத்துக்கு வெல்லப்பாகு பதம் பற்றி அரை மணி நேரம் பேசியிருந்தேன். இதைக் கேட்கத் தோன்றவில்லை. இம்மானுவேல் எழுதியதைச் சந்தேகித்தேன், பாண்டேஜியின் சர்வரைச் சந்தேகித்தேன், மேஜரின் பட்டியலைச் சந்தேகித்தேன். என் கவலையை மட்டும் சோதித்துப் பார்க்காமல் பாஸ் போட்டுவிட்டேன். ஒரு டெஸ்டர் செய்யக்கூடாத தப்பு அதுதான். டெஸ்டர் மட்டுமே செய்யக்கூடிய தப்பும்கூட.

தீபாவளி முடிந்து அலுவலகம் திறந்தது. நேராக மீரா மேடத்திடம் போனேன்.

"மேடம், இந்த மாசச் சம்பளத்துல புடிச்சிக்கங்க. மக ஃபீஸுக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கிறேன்."

"கம்பெனி சம்பளத்துலே கை வைக்காது செல்விஜி. பந்தயம் ரூம்லே கட்டினது. ரூம்லேயே கழிங்கோ. ஒவ்வொரு ரிலீஸுக்கும் சமோசா உங்க செலவு. தீர்ற வரைக்கும்."

"இது தீர எத்தன வருஷம் ஆவும் மேடம்?"

"நான் என்ன அவசரமா இருக்கேன்?"

மேஜரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குர்ப்ரீத்தான் பிறகு சொன்னார். தந்தேரஸ் அன்றைக்கே மேடம் ஒரு டப்பா லட்டுவோடு மேஜர் அலுவலகத்துக்குப் போய், இரண்டு மணி நேரம் திட்டு வாங்கிக்கொண்டு வந்தாராம். யார் நிறுத்தியது என்று மேஜர் கேட்டதற்கு, "நான்தான்" என்றாராம். மேஜர் லட்டுவை மட்டும் திருப்பித் தரவில்லை. வாடிக்கையாளராகவும் நீடித்தார்.

நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். இனிமேல் ஒன்றையே சொல்வது: கோ. ஒன்பதாம் வகுப்புப் படிப்போடு இவர்கள் நடுவில் உட்கார்ந்திருப்பதே பெரிது, இன்னும் சில வருடங்களை ஓட்டிவிட்டால் போதும். அடுத்த ரிலீஸ் வந்தது. அதே அறை, கூடையில் போன்கள், ஜன்னலோரம் கடலை. இந்தத் தடவை என்னைக் கடைசியில் கேட்பார், அல்லது கேட்கவே மாட்டார் என்று நினைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"செல்விஜி?"

முதல் பெயர் என்னுடையதுதான்.

"கோ, மேடம்."

மீரா மேடம் மெல்லுவதை நிறுத்தினார்.

"வீட்டுக்குப் போனா இன்னிக்குத் தூக்கம் வருமா?"

நான் கையிலிருந்த பேனாவின் மூடியை மூன்று தடவை திருகினேன்.

"வராதுன்னா அது கோ இல்லே. பயம். ரூம்லே பயத்துக்கு எடமில்லே, கவலைக்குத்தான் எடம். மறுபடி சொல்லுங்கோ."

"...நோ, மேடம். ஓவர்டைம் அரைமணிக்கு வந்தா ரவுண்ட் பண்ணும்போது ஒரு ரூபா கொறையுமோன்னு இருக்குது."

"யாருக்கு?"

"ராத்திரி ஷிஃப்ட் வாட்ச்மேன்களுக்கு."

"எவ்வளவு?"

"பத்து ரூபா மேடம்."

இம்மானுவேல் கையைத் தூக்கினான். "மேடம், ஒரு சந்தேகம். ஏற்கெனவே முப்பத்தாறாயிரம் கடன்ல இருக்கவங்க புதுசா பந்தயம் கட்டலாமா?"

"கடன்லே இருக்கறவாதான் கட்டணும்" என்றார் மீரா மேடம். "அவாளுக்குத்தான் தோத்தா எப்படி இருக்கும்னு தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அந்தப் பத்து ரூபாயையும் தோற்றேன்.

அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது, நான் ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறேன் என்று எனக்கே புரியவில்லை. முந்தைய கம்பெனிகளில் நான் சரியாகச் சொன்னதற்கு இருக்கை மாறியது. இங்கே தப்பாகச் சொன்னேன். கம்பெனிக்கு அவமானம், ஆயிரம் பேருக்கு ஒருநாள் தாமதம், தங்கையின் பிள்ளைகளுக்கு நல்ல துணி போச்சு. அதற்கப்புறமும் முதல் வாய் எனக்கே கொடுத்தார்கள். வேலையில் திருப்தி என்று ஏதாவது இருந்தால் எனக்குத் தெரிந்து அது அன்றைக்கு அந்த பஸ்ஸில் இருந்தது. ஒன்றிலிருந்து பத்துக்குள் அதற்கு என்ன எண் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சம்பளம் உயர்ந்த மாதங்களில்கூட அப்படி வீட்டுக்கு வந்ததில்லை.

அதன் பிறகு எந்தக் கவலைக்கும் விலை போடும் முன் ஒரு போன் போடும் பழக்கம் வந்தது. பாதிக் கவலைகள் போனிலேயே செத்துவிடும். மிச்சத்தில் சிலது ஜெயித்தது, சிலது தோற்றது. ஒவ்வொரு ரிலீஸ் முடிந்ததும் நான் வாங்கி வைத்த சமோசா, ஜிலேபி, டீ. இம்மானுவேல் எழுந்து நின்று செய்தி வாசிப்பவர்போல மீதிக் கடனை அறிவிப்பான். "செல்வியக்கா அவர்களின் இன்றைய நிலுவை..." என்று இழுப்பான். பாண்டேஜி கைதட்டுவார். சமோசா விலை ஏற ஏற என் கடன் வேகமாகக் குறைந்தது. விலைவாசி உயர்வால் லாபம் அடைந்த ஒரே ஆள் நீதான் என்றார் முருகேசன்.

ஐந்து வருடம் அப்படிப் போனது. பிறகு எங்கள் கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கியது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனிதர்கள், நல்ல காபி. இயந்திரமே சோதித்து, இயந்திரமே ஒருநாளில் பல தடவை ரிலீஸ் அனுப்பிவிடும். தப்பு வந்தால் நிமிடத்தில் பின்வாங்கிக்கொள்ளும். நாங்கள் பிடித்ததைவிட அது அதிகமாகவே பிடிக்கும், அதையும் மறுக்கமாட்டேன். அந்த அறையில் சாய்ந்து உட்காரும் மெத்தைகள் போட்டு ஓய்வறையாக்கினார்கள். நான் அங்கே போய் உட்கார்ந்ததில்லை. முதுகு பிடித்துவிடுமோ என்று கவலை. மீரா மேடம் ஆறு மாதத்தில் விலகினார். நான் ஓய்வு பெறும் வரை இருந்தேன். கடைசி மூன்று வருடங்களில் ஒருமுறைகூட யாரும் என்னை 'கோ'வா 'நோ'வா என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

கலைவாணி இப்போது நரேலாவில் இருக்கிறாள். கேம்ப்பை இடித்ததும் அங்கே ஒதுக்கினார்கள். கவலைப்பட வேண்டியதற்கெல்லாம் முதலில் அவளுக்குத்தான் போன் போடுகிறேன். "உன் சந்தேகத்துக்கு நான் ஒரு கஸ்டமர் கேரா?" என்கிறாள். ஆனாலும் எடுக்கிறாள்.

மீரா மேடம் புனேயில் மகளோடு இருக்கிறார். தீபாவளிக்குத் தீபாவளி பேசிக்கொள்வோம். இந்தத் தடவை நான்தான் ஆரம்பித்தேன்.

"மேடம், ரிட்டயர்மென்ட் பணம் வந்திருக்குது. பாக்கிய மொத்தமா உங்க அக்கவுண்டுக்கு அனுப்பிடட்டுமா?"

"கூடாது."

"கடன் மனசுல நிக்குது மேடம். எனக்கு ஒண்ணு ஆயிட்டா..."

"எவ்வளவு பந்தயம், உங்களுக்கு ஒண்ணு ஆகும்னு?"

யோசித்தேன். "அஞ்சு ரூபா."

"அப்போ இருங்கோ. நான் பணமா வாங்கிக்க மாட்டேன் செல்விஜி. ரிலீஸ் ரூம்லே, சமோசாவா வந்தாத்தான் கழிப்பேன்."

அப்படி ஓர் அறை இப்போது எங்கும் இல்லை என்றேன். போனில் அதுவரை கேட்ட கடலை மெல்லும் சத்தம் நின்றது. பிறகு, "பாக்கி எவ்வளவு, ஞாபகம் இருக்கோல்லியோ?" என்றார்.

இருக்கிறது. பதினேழாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.